ஸ்லாகலிட்சா: சொல்லும் கணக்கும் பொது அறிவும் ஒரே மேசையில்

கேள்வி: செர்பியத் தொலைக்காட்சியில் 'ஸ்லாகலிட்சா' என்று ஒரு போட்டி முப்பது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறதாமே, சொல் விளையாட்டும் க்விஸும் கலந்தது என்கிறார்கள். அதை எப்படி ஆடுகிறார்கள்? இத்தனை வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தது? தமிழில் அப்படி ஒன்று செய்தால் எடுபடுமா?

பதில்:

எல்லாம் தெரிந்த ஆள் என்று ஊரே மெச்சுகிற ஒருவர் இந்தப் போட்டியில் சாதாரணமாகத் தோற்றுப்போவார். அகராதியைக் கரைத்துக் குடித்தவரும் தோற்பார், மனக்கணக்கில் புலியும் தோற்பார். ஒவ்வொருவரும் தடுக்கி விழுவதற்கென்று தனித்தனியாக ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள். அது நீடித்து நிற்பதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கட்சி. சுற்றுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

முதலில் கொஞ்சம் வம்சாவளி. இந்த வகை நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பாட்டன் பிரான்சில் இருக்கிறார். ஆர்மான் ழாமோ என்பவர் 1965இல் 'மிக நீளமான சொல்' என்ற பொருள்படும் ஒரு போட்டியைத் தொடங்கினார். பிறகு கணக்குச் சுற்றும் சேர்ந்து, 1972 முதல் 'எண்களும் எழுத்துகளும்' என்ற பெயரில் 2024 வரை ஓடியது. பிரிட்டனில் அதுவே 'கவுன்ட்டவுன்' ஆனது. அதுகூட முதலில் யார்க்‌ஷயர் வட்டாரத்துக்கு மட்டும் ஒளிபரப்பான சின்ன நிகழ்ச்சிதான். 1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் 4 தொடங்கியபோது அதன் முதல் நிகழ்ச்சியாகப் போய் உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

செர்பியாவுக்கு இந்தக் குடும்பம் வந்தது 1993இல். அந்த வருஷம் அங்கே என்ன நிலைமை என்று சொன்னால்தான் கதை முழுமையாகும். யுகோஸ்லாவியா உடைந்து பக்கத்து நாடுகளில் போர். 1992 மே மாதத்திலிருந்து ஐ.நா. பொருளாதாரத் தடை. பணவீக்கம் எந்த அளவுக்குப் போனதென்றால், 50,000 கோடி தினார் என்று அச்சிட்ட நோட்டு புழக்கத்துக்கு வந்தது. அதில் இருந்த முகம் குழந்தைக் கவிஞர் யோவான் யோவானோவிச் ஸ்மாயுடையது. 1994 ஜனவரியில் ஒரே மாதப் பணவீக்கம் 31 கோடி சதவீதத்தைத் தாண்டியது. சம்பளம் வாங்கிய கையோடு கடைக்கு ஓடாவிட்டால் மாலைக்குள் அது வெறும் காகிதம். அப்படிப்பட்ட காலத்தில் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎஸ் இந்தப் போட்டியைத் தொடங்கியது. இரண்டு போட்டியாளர், ஒரு மேசை, ஒரு திரை, கேள்வி எழுத நாலு பேர் இருந்தால் போதும். ஆட்டம்பாட்டம் வேண்டாம், பெரிய பரிசும் வேண்டாம். வறுமையில் பிறந்த எளிமை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த எளிமையே பிற்பாடு அதன் பலமாகிவிட்டது. இரவு 7.30 மணிச் செய்திக்கு முன்னால் வருவதால், செய்திக்காக உட்காருகிற குடும்பம் முழுவதும் இதையும் பார்த்துவிடும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஒருவர் சிவப்பு, இன்னொருவர் நீலம். பொது அறிவுக் கேள்விச் சுற்றைத் தவிர மற்ற ஒவ்வொரு விளையாட்டும் இரண்டு முறை நடக்கும், சிவப்புக்கு ஒரு முறை, நீலத்துக்கு ஒரு முறை.

நிகழ்ச்சியின் பெயரையே தாங்கிய சுற்று எழுத்துச் சுற்று. திரையில் எழுத்துகள் சுழலும், போட்டியாளர் 'ஸ்டாப்' என்றதும் நிற்கும். பன்னிரண்டு எழுத்து சேர்ந்ததும், அவற்றை வைத்து மிக நீளமான சொல்லை அமைக்க வேண்டும். பிரெஞ்சு, பிரிட்டிஷ் வடிவங்களில் 'உயிர் வேண்டும், மெய் வேண்டும்' என்று ஆளே கேட்டு வாங்கலாம், இங்கே அந்தச் சலுகை இல்லை. கடைசியில் கணினி கண்டுபிடித்த சொல்லையும் காட்டுவார்கள். பெரும்பாலும் அது போட்டியாளர்கள் சொன்னதைவிட நீளமாக இருக்கும். வீட்டில் பார்ப்பவர்களுக்கு 'அட, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே' என்று ஒரு குத்தல்.

இந்தச் சுற்று செர்பிய மொழியில் சுகமாக ஓடுவதற்குக் காரணம் அதன் எழுத்துமுறை. 19ஆம் நூற்றாண்டில் வூக் கராஜிச் சீர்திருத்திய முறைப்படி 30 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. பேசுவதுபோல எழுது என்பதுதான் விதி. எழுத்துப்பிழைப் போட்டி என்று ஒன்று அங்கே நடத்தவே முடியாது, யாரும் தோற்க மாட்டார்கள். அதனால் இந்தச் சுற்றில் சோதனை முழுக்கச் சொல்வளத்தின் மேல்தான், ஸ்பெல்லிங் மேல் இல்லை.

அடுத்தது 'மோய் ப்ரோய்', அதாவது 'என் எண்'. ஆறு எண்கள் தருவார்கள். நான்கு ஒற்றை இலக்க எண்கள், 10, 15, 20 இவற்றில் ஒன்று, 25, 50, 75, 100 இவற்றில் ஒன்று. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும் வைத்து, எந்த எண்ணையும் ஒரு தடவைக்கு மேல் தொடாமல், திரையில் வரும் இலக்கை எட்ட வேண்டும். எல்லா எண்ணையும் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். எண்கள் 2, 4, 7, 9, 15, 75. இலக்கு 683. பழகியவர் முதலில் 75ஐப் பிடிப்பார். 75ஐ 9ஆல் பெருக்கினால் 675. இன்னும் 8 வேண்டும். 4ஐ 2ஆல் பெருக்கினால் 8, முடிந்தது கதை. அது கண்ணில் படாதவர் 15இலிருந்து 7ஐக் கழித்தாலும் அதே 8தான். சரியாக எட்ட முடியாவிட்டால் இலக்குக்கு மிக அருகில் போனவருக்குப் புள்ளி. இருவரும் ஒரே விடையோடு நின்றால், அது யாருடைய ஆட்டமோ அவருக்கே புள்ளி போகும்.

'ஸ்போய்னிட்சே' பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நம் பள்ளித் தேர்வில் வரும் 'பொருத்துக' தான். நாடும் தலைநகரும், நடிகரும் படமும் என்று இரண்டு பத்தி. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது மட்டும் கூடுதல் சுவை.

எனக்குப் பிடித்தது 'ஸ்கோச்கோ'. சீட்டுக்கட்டின் நான்கு ஜாதி (இஸ்பேட், கிளாவர், ஆட்டின், டைமன்), ஒரு நட்சத்திரம், அப்புறம் ஸ்கோச்கோ என்ற துள்ளிக் குதிக்கும் பொம்மை முகம், ஆக ஆறு சின்னங்கள். இவற்றில் நான்கை ஒரு வரிசையில் மறைத்து வைத்திருப்பார்கள், ஒரே சின்னம் திரும்பவும் வரலாம். ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் பதிலாகப் புள்ளிகள் விழும். சரியான சின்னம் சரியான இடத்தில் இருந்தால் சிவப்பு, சின்னம் சரி, இடம் தவறு என்றால் மஞ்சள். 1970களின் தொடக்கத்தில் கடைக்கு வந்த 'மாஸ்டர்மைண்ட்' பலகை விளையாட்டேதான், நிறங்களுக்குப் பதில் சின்னங்கள்.

மொத்தச் சாத்தியங்கள் ஆறின் நான்காம் படி, 1,296. பார்க்க மலைப்பாக இருக்கும். ஆனால் முதல் முயற்சியை ஒழுங்காக வைத்தால் மலை மளமளவென்று சரிந்துவிடும். ஆட்டின், ஆட்டின், ஸ்டார், ஸ்டார் என்று இரண்டிரண்டாக வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளிகூட விழவில்லையா? கவலை வேண்டாம். அந்த இரண்டு சின்னமும் எங்குமே இல்லை என்று தெரிந்துவிட்டது, மிச்சம் நான்கின் நான்காம் படியான 256 மட்டுமே. எந்தப் பதில் வந்தாலும் இதற்கு மேல் மிஞ்சாது. அதாவது முதல் முயற்சியிலேயே ஐந்தில் நான்கு பங்கு கழிந்துவிடும். இரண்டு சிவப்பு, ஒரு மஞ்சள் என்று வந்தால் இன்னும் கொண்டாட்டம், 32 வரிசைகள்தான் பாக்கி. கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1977இல் நிரூபித்துக் காட்டினார், சரியான முறையில் போனால் எதையும் ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று. அவருடைய முறையும் இப்படி இரண்டிரண்டாகத்தான் தொடங்குகிறது. ஸ்லாகலிட்சா ஆறு முயற்சி தருகிறது. ஆக, கணக்குப்படி யாரும் தோற்கவே கூடாது. ஆனாலும் தோற்கிறார்கள். எதிரே கடிகாரம் ஓட, மூன்றாவது முயற்சியில் வந்த பதிலை மறந்துவிட்டு அதற்கு முரணாக ஐந்தாவதை வைக்கிறார்கள். வீட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். அப்போது எழும் கூச்சலுக்காகவே இந்தச் சுற்று என்று சொல்லலாம். ஆறிலும் கிடைக்காவிட்டால் எதிராளிக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அதுவரை வந்த தடயம் எல்லாம் அவருக்கு இலவசம்.

பிற்பாடு சேர்ந்த 'கோராக் போ கோராக்' (படிப்படியாக) என்ற சுற்றில் ஒரே விடைக்கு ஏழு குறிப்புகள், கடினத்திலிருந்து எளிது நோக்கி வரும். முன்னாலேயே சொன்னால் அதிகப் புள்ளி.

இனி நேரடிப் பொது அறிவு. 'கோ ஸ்னா ஸ்னா' என்பது அதன் பெயர், தெரிந்தவருக்குத் தெரியும் என்று அர்த்தம். பத்துக் கேள்வி, முதலில் பொத்தானை அழுத்தியவர் சொல்லலாம். சரி என்றால் 10 புள்ளி, தவறு என்றால் 5 போய்விடும். இந்தக் கழித்தலில்தான் விஷயமே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பிக்கை இருந்தால் அழுத்துவது லாபம், அதற்குக் கீழே என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது நல்லது என்று கணக்கு சொல்லும். ஆனால் நீங்கள் யோசிக்கிற அந்த ஒரு நொடியில் எதிராளி அழுத்திவிடுவார். அதனால் பின்தங்கியவர் அரைகுறை நம்பிக்கையிலும் அடித்துப் பார்ப்பார், முன்னணியில் இருப்பவர் சும்மா இருந்தே ஜெயிப்பார். பத்துக் கேள்வியில் இருவரின் சுபாவமும் வெளியே வந்துவிடும்.

கடைசியாக, இந்த நிகழ்ச்சியின் உயிர்நாடி: 'அசோட்சியாட்சியே', தொடர்புகள். இது பிரெஞ்சுப் பாட்டனிடமிருந்து வந்த சொத்து இல்லை, யுகோஸ்லாவியாவின் சொந்தச் சரக்கு. இன்றைய குரோஷியாவின் தலைநகரான சாக்ரெபின் தொலைக்காட்சியில் 1980இல் தொடங்கி 1995 வரை ஓடிய 'க்விஸ்கோடேகா' என்ற போட்டியில் மக்கள் இதைப் பார்த்துப் பழகியிருந்தார்கள். லாசோ கொலூஜா உருவாக்கி ஒலிவர் ம்லாகார் தொகுத்து வழங்கிய நிகழ்ச்சி அது. நாடு உடைந்தது, ஆனால் சாக்ரெபில் பிரபலமான விளையாட்டு செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் தொடர்ந்தது. போர்க்காலத்தில் இருபக்கமும் பங்கு போடாமல் விட்ட சில சொத்துகளில் இதுவும் ஒன்று.

நான்கு பத்தி, ஒவ்வொன்றிலும் மூடிய நான்கு கட்டம். ஆளுக்கொரு கட்டமாக மாறி மாறித் திறப்பார்கள். நான்கு குறிப்பையும் இணைக்கும் சொல்தான் அந்தப் பத்தியின் விடை. நான்கு பத்தியின் விடைகளையும் இணைப்பது இறுதி விடை. தமிழ் வாசகருக்குப் புரிகிற மாதிரி நானே ஒன்று கட்டியிருக்கிறேன், முயன்று பாருங்கள்.

முதல் பத்தி: தூது, சமாதானம், மாடம், தானியம்.
இரண்டாம் பத்தி: கம்பி, கொசு, முடி, ஃபிலிம்.
மூன்றாம் பத்தி: ஓடுபாதை, சுங்கம், பெட்டி, தாமதம்.
நான்காம் பத்தி: மேகம், காலம், அரிசி, சாவி.

முதலாவது புறா. இரண்டாவது சுருள். மூன்றாவது விமான நிலையம். நான்காவதில் முதல் மூன்று கட்டம் திறந்தவர் மழை, வயல் என்று எங்கெங்கோ அலைவார். 'சாவி' திறந்ததும்தான் கார்மேகம், கார்காலம், கார் அரிசி எல்லாம் சேர்ந்து 'கார்' என்று விழும். இப்போது புறா, சுருள், விமான நிலையம், கார். செர்பியாவில் பள்ளிப் பிள்ளைகூட 'டெஸ்லா' என்று கத்தும். பெல்கிரேட் விமான நிலையத்துக்கு மின்சாரக் கண்டுபிடிப்பாளர் நிகோலா டெஸ்லாவின் பெயர், 100 தினார் நோட்டில் அவர் முகம். மின்னல் கக்கும் டெஸ்லா சுருள், அமெரிக்கக் கார் கம்பெனி, இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. புறா மட்டும் புரியாமல் முழிப்பார்கள். நியூயார்க்கில் கடைசிக் காலத்தில் அவர் புறாக்களுக்குத் தீனி போட்டே பொழுதைக் கழித்தார் என்பது படித்தவருக்குத் தெரியும்.

இங்கேதான் சொல்லறிவும் பொது அறிவும் ஒன்றின் தோளில் ஒன்று ஏறுகின்றன. 'கார்' கிடைக்க மொழி தெரிய வேண்டும், டெஸ்லா கிடைக்க உலகம் தெரிய வேண்டும். இரண்டும் இருந்தாலும் போதாது, எப்போது வாயைத் திறப்பது என்றும் தெரிய வேண்டும். ஒரு கட்டத்தைத் திறந்து விடை சொல்லாமல் விட்டால், எதிராளிக்கு நீங்களே தடயம் கொடுத்த மாதிரி. கில்லாடிகள் பத்தி விடைகளைப் பற்றிக் கவலைப்படாமல், இரண்டு மூன்று கட்டத்திலேயே இறுதி விடையை மோப்பம் பிடிப்பார்கள். அது கிடைத்துவிட்டால் திறக்காத பத்திகளின் புள்ளியும் சேர்ந்து வந்துவிடும். அதனால் பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியவரும் கடைசி நிமிடம்வரை உயிரோடு இருப்பார். நிகழ்ச்சி வடிவமைப்பு என்ற கண்ணோட்டத்தில் இதைவிட நல்ல கடைசிச் சுற்றை நான் எங்கும் பார்த்ததில்லை.

தாக்குப்பிடித்த கதைக்கு இன்னும் இரண்டு காரணம் சேர்க்கலாம். ஒன்று, கோடிகள் கிடையாது. பணம் பெரிதாக இல்லாததால் அழுகை, பின்னணி இசை, விளம்பர இடைவேளைக்கு முன் 'விடை என்ன தெரியுமா' என்று இழுப்பது, எதுவும் தேவைப்படவில்லை. ஜெயித்தவர் அடுத்த கட்டத்துக்குப் போவார், காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று சுற்று முடியும். இரண்டாவது, வீட்டிலிருப்பவரும் உடன் ஆடலாம். காகிதமும் பேனாவும் இருந்தால் தாத்தாவும் பேத்தியும் போட்டி போடலாம். எழுத்தில் தாத்தா ஜெயிப்பார், ஸ்கோச்கோவில் பேத்தி.

தமிழில் எடுபடுமா என்று கேட்டீர்கள். தொடர்புச் சுற்று கண்டிப்பாக எடுபடும். விஜய் டிவியில் ஜெகன் நடத்திய 'கனெக்‌ஷன்' படங்களைக் கோத்து ஒரு விடைக்குக் கொண்டுபோய் விட்டது, அதற்கு நம் ஆட்கள் கொடுத்த வரவேற்பே சாட்சி. சிக்கல் எழுத்துச் சுற்றில். 247 எழுத்திலிருந்து பன்னிரண்டைச் சும்மா உருவினால் 'ஙௌ', 'ஞூ' என்று வந்து விழும், ஒரு சொல்லும் தேறாது. என் யோசனை, உயிர்க்குறிகளை இலவசமாக விட்டுவிட்டு மெய்களை மட்டும் தரலாம். உதாரணமாக க, ட, ண, த, ப, ப, ம, ம, ர, ல, வ, ன. இதில் 'தலைப்பு' நான்கு, 'கலவரம்' ஐந்து, 'கண்டிப்பானவர்' எட்டு. உடனே ஒரு புத்திசாலி 'கண்டிப்பானவரும்' என்று ஒரு 'உம்' சேர்த்து ஒன்பது கேட்பார். விகுதியும் வேற்றுமையும் ஒட்டிக்கொண்டே போகிற மொழியில் இந்தச் சண்டை தினமும் வரும். அகராதியில் தலைச்சொல்லாக இருப்பது மட்டுமே செல்லும் என்று விதி போட்டால் சண்டை ஓயும், ஆனால் கண்டிப்பானவரே செல்லாமல் போய்விடுவார். உருபும் இடைச்சொல்லும் ஒட்டாத சொல் எதுவானாலும் செல்லும் என்று வைத்து, பக்கத்தில் ஒரு தமிழாசிரியரை நடுவராக உட்கார வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். அவர் சொல்லும் தீர்ப்பும் விளக்கமுமே தனி நிகழ்ச்சியாகிவிடும் என்பது வேறு விஷயம்.

பார்க்க ஆசை இருந்தால் ஆர்டிஎஸ் அத்தியாயங்களை யூடியூபில் தேடுங்கள். செர்பிய மொழி ஒரு வார்த்தை தெரியாவிட்டாலும் 'மோய் ப்ரோய்', 'ஸ்கோச்கோ' இரண்டையும் உடனே ஆடலாம், எண்ணும் சின்னமும்தானே. அவை பிடித்துப்போனால் தொடர்புச் சுற்றில் வீடியோவை நிறுத்தி, போனில் இருக்கும் மொழிபெயர்ப்புக் கேமராவைத் திரைமேல் காட்டுங்கள். சிலேடையெல்லாம் அதில் வழுக்கிவிடும், ஆனால் ஊர், ஆள், வரலாறு சார்ந்த பத்திகள் நன்றாகவே பிடிபடும்.